புகைபோக்கிக்கும் வருஷத்துக்கு ஒரு குளியல்!

தலைப்பைப் பார்த்ததும், "எங்கள் வீட்டுச் சிம்னியைத்தான் மாதா மாதம் கழற்றி வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைக்கிறேனே!" என்று சென்னை வாசகி ஒருவர் பக்கத்தைத் திருப்பிவிடக்கூடும். கொஞ்சம் பொறுங்கள், அம்மணி! உங்கள் காஸ் அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டு, பொத்தானை அமுக்கியதும் உர்ரென்று உறுமுகிறதே, அது சிம்னி வம்சத்தின் கடைக்குட்டி. அதன் பாட்டனார் மலை மேலே இருக்கிறார். செங்கல் உடம்பு, தலையில் மண் தொப்பி, வயிறு நிறையக் கரி. உதகமண்டலத்துப் பழைய பங்களாக்களின் கூரை மீது ஒன்று, இரண்டு, சில இடங்களில் நான்கு ஐந்து என்று வரிசையாக நிற்பவர் அவர்தான்.

கோடை விடுமுறைக்கு உதகைக்குப் போய்வந்தவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். மே மாதத்தில் அவருக்கு வேலை அதிகமில்லை. டிசம்பர், ஜனவரியில் போய்ப் பாருங்கள். 7,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர் அது. அதிகாலையில் புல்தரை முழுதும் உப்பைத் தூவியது போல் உறைபனி வெளுத்திருக்கும். குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். அந்த மாதங்களில் சாயங்காலம் ஐந்து மணி அடித்ததும் கூடத்தில் கணப்பு மூட்டிவிட்டால், வீட்டிலுள்ளவர்கள், பக்கத்து வீட்டிலிருந்து மோர் கேட்க வந்தவர் உட்பட, யாரும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

இந்தக் கணப்பு நம்முடைய சரக்கு அல்ல, வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் ஸல்லிவன் 1819-ல் மலை ஏறிப் பார்த்தார். சீமையின் குளிர் அப்படியே இருந்தது. மனிதருக்கு ஒரே சந்தோஷம். 1822-ல் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அதன் பின்னால் வந்தவர்களும் ஊரில் விட்டுவந்த வீட்டைப் போலவே இங்கும் கட்டிக்கொண்டார்கள். அறைக்கு அறை கணப்பு, கணப்புக்குக் கணப்பு புகைபோக்கி. அந்தக் கணப்புகளின் பசி இருக்கிறதே, அப்பப்பா! சுற்றியிருந்த சோலைக் காடுகளை அவை விழுங்க ஆரம்பித்ததில், ஊருக்கு விறகுப் பஞ்சம் வந்தது. அதற்காகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து மலை முழுதும் நட்டார்கள். இன்று நாம் தைலம் வாங்கி வருகிற கற்பூர மரக் காடுகள், ஒரு வகையில் பார்த்தால், புகைபோக்கிகளின் குழந்தைகள்தாம்.

வெள்ளைக்காரர் போய்விட்டார். புகைபோக்கி போகவில்லை. பல வீடுகளில் மின்சார ஹீட்டர் வந்து, கணப்பின் வாயைப் பலகையால் அடைத்து, முன்னால் பூச்சாடி வைத்துவிட்டார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆபத்து எப்போது வருகிறதென்றால், இருபது வருஷம் தூங்கிய கணப்பை, விருந்தாளிகள் ஆசைப்படுகிறார்களே என்று ஒரு ராத்திரி திடீரென்று எழுப்பும்போதுதான். பழைய பங்களாக்கள் பல இப்போது தங்கும் விடுதிகளாகிவிட்டபடியால், இந்த ஆசை நமக்குத்தான் அதிகம். ஆகவே, மலையில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமல்ல, நாலு நாள் போய்த் தங்குகிறவர்களுக்கும் இது சொந்த விஷயம்.

புகை ஏன் மேலே போகிறது? சூடான காற்று லேசானது, அதனால் ஏறுகிறது. அவ்வளவுதான் சாஸ்திரம். ஆனால் அது ஏறும்போது கீழே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதை நிரப்ப அறையிலிருக்கும் காற்று கணப்புக்குள் ஓடுகிறது. அந்தக் காற்று நெருப்பை ஊதிக்கொடுத்து, புகையையும் தள்ளிக்கொண்டு மேலே போகிறது. புகைபோக்கி உயரமாகவும் உள்ளே சூடாகவும் இருந்தால் இந்த இழுப்பு நன்றாக இருக்கும். குட்டையாக, குளிர்ந்து, உள்ளே அடைத்துக்கொண்டிருந்தால், புகை திரும்பிக் கூடத்துக்கே வரும். நம் பாட்டிமார் ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி செய்த வேலையை, நல்ல புகைபோக்கி தானே செய்துகொள்கிறது.

கூரையைத் துளைத்துக்கொண்டு வரும் இடத்திலிருந்து புகைபோக்கி குறைந்தது 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கிற எதைக் காட்டிலும் 2 அடி ஓங்கியிருக்க வேண்டும். இது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. சமவெளிக்கு இது போதும். மலைச் சரிவில் இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்குப் பின்னால் மேடு, மேட்டின் மேல் நெடுநெடுவென்று கற்பூர மரங்கள். காற்று அவற்றின் மீது ஏறி இந்தப் பக்கம் அருவி போல் இறங்கும்போது, புகைபோக்கியின் வாய்க்குள்ளேயே பாய்ந்து, புகையைக் குப்பென்று கீழே தள்ளிவிடும். "எல்லா நாளும் நன்றாக எரிகிறது, மழைக்காற்று அடித்தால் மட்டும் வீடு முழுதும் புகை" என்று சொல்லும் வீடுகளின் ரகசியம் இதுதான். தலையில் ஒரு தகரத் தொப்பி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகக் கணப்பையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியவர்களும் உண்டு!

இன்னொரு வேடிக்கை. குளிருக்குப் பயந்து ஜன்னல் கதவு இடுக்குகளுக்கெல்லாம் துணி திணித்துவிட்டு, சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறியையும் ஓடவிட்டால் என்ன ஆகும்? விசிறிக்கு எங்கிருந்தாவது காற்று வேண்டும். அது புகைபோக்கி வழியாக இழுத்துக்கொள்ளும், புகையோடு சேர்த்து! கணப்பு எரியும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைப்பது வீண் செலவல்ல.

சரி, கரி எப்படிச் சேர்கிறது? விறகு முழுதும் எரிந்துவிட்டால் புகையே அதிகம் இராது. ஈர விறகு, நெருப்பை அமுக்கி வைப்பது, காற்று போதாமை, இவற்றால்தான் பாதி எரிந்த பொருள்கள் ஆவியாகி மேலே போகின்றன. போகிற வழியில் குளிர்ந்த செங்கல்லைக் கண்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. கிரியோஸோட் என்று இதற்குப் பெயர். முதலில் இது வெறும் கரித்தூளாக இருக்கும், துடைப்பத்துக்கு வந்துவிடும். கவனியாமல் விட்டால் மொறுமொறுப்பான அப்பளப் பொருக்காக ஆகும். அப்போதும் விட்டால், கீலெண்ணெய் காய்ந்தது போல் பளபளவென்று கறுத்து இறுகிவிடும். இந்த மூன்றாவது நிலைதான் பொல்லாதது. பிரஷ்ஷுக்கு மசியாது, ஆனால் நெருப்புக்கு உடனே மசியும். ஏனென்றால், அது முழுக்க முழுக்க எரிபொருள்.

ஒரு நாள் கணப்பில் கொஞ்சம் பெரிதாக நெருப்பு எழும். ஒரு பொறி மேலே போகும். புகைபோக்கியின் உட்புறம் பற்றிக்கொள்ளும். ரயில் வண்டி சுரங்கத்துக்குள் போவது போன்ற ஓர் இரைச்சல் கேட்கும். கூரைக்கு மேலே வாணம் விட்டது போல் தீப்பொறி பறக்கும். உள்ளே 1,000 டிகிரி சென்டிகிரேடு வரைகூடச் சூடு ஏறலாம். சாந்து வெடித்து, செங்கல் பிளந்து, அந்த வெடிப்பு வழியாக நெருப்பு கூரை மரத்தைத் தொட்டால், பிறகு பங்களா இல்லை. சில சமயம் இந்தத் தீ சத்தமில்லாமல் எரிந்து தானே அடங்கிவிடும். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வெடிப்பு மட்டும் இருக்கும், அடுத்த நெருப்புக்காகக் காத்துக்கொண்டு.

அப்படி ஒரு நாள் இரைச்சல் கேட்டால் என்ன செய்வது? புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் செங்கல் சடாரென்று பிளக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். காற்றை அடைக்கும் இரும்புத் தகடு இருந்து, அது கைக்கு எட்டினால் மூடுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, 101-ஐக் கூப்பிடுங்கள். நகையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தீ அணைந்த பிறகும், தெரிந்தவர் ஒருவர் உள்ளே பார்த்துச் சொல்லும் வரையில் அந்தக் கணப்பில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது.

தீயாவது சத்தம் போட்டு வருகிறது. சத்தம் போடாமல் வருகிறவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

உதகையில் ஏரிக்கு மேற்புறச் சரிவில் ஒரு பழைய வீடு. கணவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், கோவையிலிருந்து வந்து குடியேறிய தம்பதி. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள், ஏழு வயது. பேத்தி வந்த சந்தோஷத்தில் தாத்தா கணப்பு மூட்டினார். இரவு எல்லோரும் அங்கேயே மெத்தையைப் போட்டுப் படுத்தார்கள். காலையில் குழந்தைக்குத் தலைவலி, வாந்தி. "கொண்டை ஊசி வளைவில் வந்ததல்லவா, அதுதான்" என்றார்கள். பகலில் தோட்டத்தில் ஓடியாடியதும் சரியாகிவிட்டது. மறுநாள் காலை மறுபடியும் அதே தலைவலி. இம்முறை பாட்டிக்கும் மண்டை கனத்தது. மூன்றாம் நாள் பாட்டி ஒரு கேள்வி கேட்டார்: "மலை ஏறி வந்த மயக்கமென்றால் குழந்தைக்கு வரலாம், இரண்டு வருஷமாக இங்கேயே இருக்கிற எனக்கு ஏன் வருகிறது?" அந்தக் கேள்விதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. அன்று இரவு கணப்பு மூட்டவில்லை. மறுநாள் சிம்னி சுத்தம் செய்கிறவருக்கு ஆள் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வேலையை ஆரம்பித்திருந்தார்.

பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கூரை மேலே அவர் மகன், கீழே இவர். இடையே ஒரு நீளக் கயிறு. கயிற்றின் நடுவே இரும்புக் கம்பிப் பிரஷ்ஷும், கோணித் துணிச் சுருளும், கனத்துக்கு ஒரு குண்டும். "ஏய், இழு!" என்றால் மேலே போகிறது, "விடப்பா!" என்றால் கீழே வருகிறது. கிணற்றில் வாளி இறைப்பது போலத்தான். மூங்கில் துண்டுகளை ஒன்றோடொன்று முறுக்கி, நுனியில் வட்டப் பிரஷ் மாட்டிக் கீழிருந்தே தள்ளுகிற முறையும் உண்டு. வளைந்து போகிற பாதைக்கு அது நல்லது. அந்தக் காலத்தில் சீமைக் கிராமங்களில் ஓர் உயிருள்ள வாத்தின் காலில் கயிற்றைக் கட்டி உள்ளே விட்டு, அது சிறகடிக்கிற அடியிலேயே கரியை உதிர்ப்பார்களாம். நல்லவேளை, நம் ஊர் வாத்துகள் தப்பின!

இரண்டு மூன்று முறை கயிறு போய் வந்தது. நான்காவது முறை பாதியில் நின்றுவிட்டது. பெரியவர் கணப்புக்குள் தலையை நீட்டி, கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கூடு இருக்குதுங்க."

மகன் மேலிருந்து குண்டை இறக்கி இடித்தான். தொபுக்கென்று வந்து விழுந்ததைக் கண்டு பாட்டி வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு கூடை அளவு சுள்ளி, காய்ந்த புல், பாலிதீன் துண்டு, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை! மைனாவின் கைங்கரியம். முக்கால் வாசிப் பாதையை அது அடைத்திருந்தது.

"பெரியவரே, அப்படியென்றால் கூடம் முழுதும் புகை அல்லவா வந்திருக்க வேண்டும்? கொஞ்சம் கண் கரித்தது, அவ்வளவுதானே?" என்று பாட்டி கேட்டார்.

"தீ எரியறப்போ சூடு இருக்குங்க அம்மா, இடுக்கு வழியாவது புகை ஏறிடும். கங்கா ஆனப்புறம்தான் ஆபத்து. புகை தெரியாது, வாசனை தெரியாது. நீங்க தூங்கிடுவீங்க."

பெரியவர் சொன்னது ரசாயன சாஸ்திரத்துக்கும் சரியாக ஒத்துவருகிறது. கரி போதிய காற்றில்லாமல் கனலும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கரிப்பதுமில்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் அதிகமான ஆசையோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. உடம்புக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுந்திருப்பதே இல்லை. மலை ஊர்களுக்கு உல்லாசமாகப் போனவர்கள், குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, மறுநாள் பிணமாகக் கிடந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நீங்களே படித்திருப்பீர்கள். புகைபோக்கி அடைத்துக்கொண்ட கணப்பு என்பது, அறைக்குள் வைத்த கரி அடுப்புக்குச் சமானம்தான்.

சாதாரண ஜலதோஷத்துக்கும் இதற்கும் எப்படி வித்தியாசம் காண்பது? அந்தப் பாட்டி கண்ட வழியே நல்ல வழி. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் தலைவலி, வெளியே போனால் குறைகிறது, உள்ளே வந்தால் கூடுகிறது, ஜுரம் இல்லை. இப்படி இருந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எல்லோரும் உடனே வெளிக் காற்றுக்கு வந்து, நெருப்பை அணைக்க ஏற்பாடு செய்து, டாக்டரிடம் போய் "வீட்டில் கணப்பு எரிந்தது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி. இந்த வாயுவைக் கண்டுபிடித்துக் கூவுகிற சிறு கருவிகள் இப்போது விற்கின்றன. மேஜைக் கடிகாரம் அளவுதான் இருக்கும். கணப்போ கரி அடுப்போ உள்ள வீட்டில் படுக்கிற அறைக்கு ஒன்று அவசியம். பட்டுப் புடவை ஒன்றின் விலையில் பல கருவிகள் வாங்கலாம், இதைப் புடவை மீதுள்ள விரோதத்தால் சொல்லவில்லை!

பெரியவரும் மகனும் அன்றைக்கு அள்ளியது ஒன்றரை வாளிக் கரி. முகத்தில் துணி கட்டியிருந்தும், முடித்தபோது இருவர் பற்களும் கண்களும் மட்டுமே வெளுப்பாக இருந்தன. பாட்டி வெந்நீர் போட்டு வைத்திருந்தார். "குளித்துவிட்டுத்தான் காப்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இது வெறும் உபசாரமல்ல. கரி உடம்பில் தங்கக் கூடாது என்பதற்கு, 250 வருஷத்துக் கண்ணீர்க் கதை ஒன்று இருக்கிறது.

லண்டன் மாநகரம் 1666-ல் தீப்பிடித்து எரிந்த பிறகு, புதிதாகக் கட்டிய வீடுகளில் புகைபோக்கிகள் குறுகலாகவும் நெளிந்து வளைந்தும் போயின. பல பாதைகள் 9 அங்குலத்துக்கு 14 அங்குலம்தான். சிலவற்றில் அந்த அளவும் கிடையாது. பெரியவர்கள் நுழைய முடியுமா? குழந்தைகளை நுழைத்தார்கள். நாலு வயது, ஐந்து வயது, ஆறு வயதுப் பிள்ளைகள். அநாதைகளாகவோ, பரம ஏழைகளின் பிள்ளைகளாகவோ இருப்பார்கள். ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டால் அவன் வைத்ததுதான் சட்டம். முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி ஊன்றி, இருட்டில், கரி கொட்டக் கொட்ட மேலே ஏற வேண்டும். தோல் உரிந்து ரத்தம் கசியும். அந்த இடம் காய்த்துப் போவதற்காக உப்புத் தண்ணீரைத் தேய்த்து நெருப்பின் பக்கத்தில் நிறுத்துவார்கள். ஏறத் தயங்கினால் கீழே வைக்கோலைக் கொளுத்துவதும் உண்டு. வளைவில் முழங்கால் மோவாயோடு மாட்டிக்கொண்டு, மூச்சுத் திணறி உள்ளேயே இறந்த குழந்தைகள் உண்டு. சுவரை உடைத்து எடுத்திருக்கிறார்கள்.

பிழைத்து வளர்ந்தவர்களுக்கு வேறொரு விதி காத்திருந்தது. 1775-ல் பெர்ஸிவல் பாட் என்ற லண்டன் ரணசிகிச்சை நிபுணர், இந்தப் பையன்கள் பெரியவர்களானபின் உடம்பின் மென்மையான இடத்தில் ஒருவிதப் புற்றுநோய் வருவதைக் கவனித்து எழுதினார். மடிப்புகளில் தங்கிவிட்ட கரிதான் காரணம் என்றார். ஒரு தொழில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகத்துக்கு முதன் முதலில் தெரிந்தது அப்போதுதான்.

தெரிந்து என்ன? 1788-ல் ஒரு சட்டம்: எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது. யாரும் மதிக்கவில்லை. 1834-ல் இன்னொன்று. 1840-ல் இன்னொன்று: 21 வயதுக்குக் குறைந்தவர்கள் ஏறவே கூடாது. அதையும் யாரும் மதிக்கவில்லை. இத்தனைக்கும் ஜோஸப் கிளாஸ் என்பவர் 1828-லேயே மூங்கிலும் பிரஷ்ஷும் கொண்ட நல்ல கருவியைச் செய்து காட்டிவிட்டார். பின் ஏன் குழந்தைகள்? கருவி உபயோகித்தால் கம்பளத்தில் கரி சிந்துமாம்! சில வளைவுகளை இடித்துக் கட்ட வேண்டுமாம்! கம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் சீமாட்டிகளும் இருந்தார்கள் என்பதை, வாசகிகளுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார், புகைபோக்கியில் ஏறும் டாம் என்ற பையனைக் கதாநாயகனாக்கி 'வாட்டர் பேபீஸ்' கதையை ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். 1863-ல் அது புத்தகமாக வந்தது. மறு வருஷமே இன்னொரு சட்டமும் வந்தது. அப்படியும் 1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஓர் ஆஸ்பத்திரிப் புகைபோக்கிக்குள் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஏற்றப்பட்டு, மூச்சு முட்டி இறந்தான். மேஸ்திரிக்கு ஆறு மாதக் கடுங்காவல். ஷாப்ட்ஸ்பரி பிரபு விடாப்பிடியாக நின்று, அதே வருஷம் போலீஸ் லைசென்ஸ் இல்லாமல் யாரும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்று சட்டம் செய்வித்த பிறகுதான் பிள்ளைகள் விடுதலையானார்கள். கணக்குப் பாருங்கள்: முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 87 வருஷங்கள்.

ஜெர்மனியில் இதே தொழிலுக்குக் கிடைத்திருக்கும் மரியாதை வேறு. அங்கே கறுப்பு உடையும் உயரத் தொப்பியுமாகப் புகைபோக்கிக்காரர் எதிரே வந்தால் நல்ல சகுனம்! புத்தாண்டில் அவரைப் போல் சின்னப் பொம்மை செய்து பரிசளிக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒருவர் என்று அரசாங்கம் நியமித்து, வீட்டு நெருப்பு சரியாக இருக்கிறதா என்று பார்வையிடும் அதிகாரமும் கொடுத்திருக்கிறது. சுத்தம் செய்யும் வேலை முழுதும் அவருக்கே சொந்தம் என்றிருந்த ஏகபோகம் மட்டும் 2013-ல் போய்விட்டது. நம் உதகைப் பெரியவருக்குத் தொப்பியுமில்லை, அதிகாரமுமில்லை. பாட்டி கொடுத்த காப்பிதான்.

உங்கள் வீட்டில் இந்த வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சமே. முதல் நாளிலிருந்தே நெருப்பு வேண்டாம். கம்பளம், திரைச்சீலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாததைப் பழைய புடவையால் போர்த்துங்கள். கணப்பின் வாயை ஈரக் கோணியால் மறைக்கச் சொல்லுங்கள். கரி விழுந்து அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் பெருக்க ஆரம்பிக்காதீர்கள். தப்பித்தவறி விரிப்பில் கரி விழுந்துவிட்டால் ஈரத் துணியால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள், ஜன்மத்துக்கும் போகாது. உப்புத் தூளைத் தாராளமாகத் தூவி, சற்று விட்டுப் பெருக்கி எடுங்கள். வந்தவர்கள் முகத்தில் துணியோ கவசமோ கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே கொடுங்கள். கூரை ஏறுகிறவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும்.

எப்போது செய்வது? பனிக்காலம் முடிந்ததும், மழை தொடங்குமுன். அடுத்த குளிருக்கு முன்னால் செய்தால் போதாதா என்றால், போதாது. கரியும் மழைநீரும் சேர்ந்தால் அமிலமாகிச் சாந்தை அரித்துவிடும். வீடு முழுதும் ஒரு புளித்த நாற்றமும் வரும். மழைக்குப் பின் தீபாவளி சமயத்தில் ஒரு தடவை கைவிளக்கை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், மைனா குடித்தனம் வைத்திருக்கிறதா என்று. கம்பி வலையோடு ஒரு தொப்பி போட்டுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. உட்சுவரில் கரியின் கனம் 3 மில்லிமீட்டர், அதாவது இரண்டு நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்த கனம் ஆகிவிட்டால், எந்த மாதமானாலும் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

கரி சேராமலிருக்க வழி, உலர்ந்த விறகு. வெட்டிய பச்சை மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். அதை எரிப்பது, நெருப்பை வைத்துத் தண்ணீர் காய்ச்சுகிற வேலைதான். வெயில் காலத்துக்கு முன் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட அடுக்கி வைத்தால் மார்கழிக்குத் தயாராகிவிடும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் உலர்ந்தது. 'தொப்' என்றால் இன்னும் ஈரம். விறகுக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள், கட்டை பொய் சொல்லாது. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பால் பாக்கெட், இவை கணப்புக்குள் போகவே கூடாது. மூட்டுமுன் ஒரு செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திப் புகைபோக்கியின் தொண்டையருகே பிடித்தால், உள்ளே குளிர்ந்த காற்று விலகி இழுப்பு உடனே பிடிக்கும். முன்னால் கம்பி வலைத் தட்டி இல்லாமல் கணப்பு எரியக் கூடாது. நைலான் புடவையோ செயற்கை நூல் சால்வையோ அணிந்துகொண்டு குனிந்து கட்டையைத் தள்ளவும் கூடாது.

காலையில் சாம்பலை அள்ளும் விஷயத்தில்தான் கெட்டிக்கார இல்லத்தரசிகள்கூட ஏமாந்துவிடுகிறார்கள். மேலே வெள்ளை வெளேரென்று குளிர்ந்து கிடக்கும். உள்ளே கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடிருக்கும். ஆகையால் அட்டைப் பெட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போடாமல், மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே, கல் தரையில் வையுங்கள். நன்றாக ஆறிய பின் ரோஜாவுக்கும் காய்கறிப் பாத்திக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். மலை மண்ணின் புளிப்பை அது முறிக்கும். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், சொறி விழும். வாசலில் ஹைட்ராஞ்சியா இருந்து, அதன் நீல நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அந்தப் பக்கமும் சாம்பலைக் கொண்டு போகாதீர்கள். நாளடைவில் பூ இளஞ்சிவப்பாக மாறிவிடும்.